பூஜ்யம் வைக்காத வரி

என் அண்ணன் பெர்னார்டுக்குப் பேச்சில் எப்போதும் சிக்கனம். காப்பி வேண்டுமா என்று கேட்டால் தலையசைப்பார். சர்க்கரை போடவா என்றால் இன்னொரு தலையசைப்பு. தொலைபேசியில் அழைத்தால் "சரி", "வர்றேன்", "வச்சிடட்டா" என்ற மூன்றுக்குள் முடித்துக்கொள்வார்.

"ஒரு வார்த்தை கூடுதலா பேசினா பில்லு வரும்னு நெனைக்கிறாரு உங்கண்ணன்" என்பார் அண்ணி பிரிஜட்.

அண்ணனுடைய வேலையும் அப்படிப்பட்டதுதான். காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் மின்னெழுத்துப் பலகைகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் முப்பது வருடங்கள் இருந்தார். கிளினிக்கில் நம்பரைக் காட்டும் பலகை, லிஃப்ட்டுக்குள் மாடியைக் காட்டும் பலகை, கடை வாசலில் வலமிருந்து இடமாக ஓடும் சிவப்பு எழுத்து, இவற்றுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கணினிச் சில்லுக்கு என்ன செய்யவேண்டும் என்று எழுதிக்கொடுப்பது அவர் பொறுப்பு. அதை அசெம்ப்ளி என்ற பழைய கணினி மொழியில் எழுதுவார். உலகம் வேறு மொழிகளுக்குப் போய் வெகுகாலம் ஆன பிறகும் அவர் அதில்தான் எழுதினார். அந்தச் சில்லுகளில் இடம் அவ்வளவு குறைவு என்பார்.

அவரோடு லிட்டில் இந்தியாவில் நடப்பது பெரும் தொல்லை. பஃப்பலோ ரோட்டில் அண்ணி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கி முடித்திருப்பார். அண்ணனைக் காணோம். திரும்பிப் பார்த்தால் ஏதாவது நாணயமாற்றுக் கடைக்கு எதிரே நின்று, ஓடும் எழுத்தைப் படித்துக்கொண்டிருப்பார்.

"என்னங்க, அது என்ன புதுசா சொல்லப்போவுது? இருவது வருசமா வெல்கம் வெல்கம்னுதானே ஓடுது!"

"ஒழுங்கா முடியுதான்னு பாத்தேன்."

ஒருநாள் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்திருந்தபோது, முடிவது என்றால் என்ன என்று கேட்டேன். நான் படித்தது வரலாறு. இதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார்.

"நம்ம அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ லெட்டர் பாக்ஸ் வரிசையா இருக்குல்ல, செரினா, மெமரியும் அப்படித்தான். ஒரு பொட்டிக்கு ஓர் எழுத்து. இந்த வாக்கியத்த வரிசையா பொட்டிகள்ள போட்டு வைன்னு சொல்ல ஒரு கட்டளை இருக்கு. டைரக்டிவ்னு சொல்வோம். மெஷின் முதல் பொட்டியத் தொறந்து படிக்கும், அடுத்தது, அடுத்தது. எங்க நிக்கணும்?"

"வாக்கியம் முடியிற எடத்துல."

"முடிஞ்சிடுச்சுன்னு அதுக்கு யாரு சொல்றது? அதுக்காகத்தான் கடைசி எழுத்துக்கு அடுத்த பொட்டியில ஒரு பூஜ்யம். அதப் பாத்தா நிக்கும்."

"பூஜ்யம் வைக்கலைன்னா?"

"நிக்காது. பக்கத்து வீட்டு லெட்டரையும் படிச்சிக்கிட்டே போவும்."

இரண்டு விதக் கட்டளைகள் உண்டாம். ஒன்று எழுத்துகளை மட்டும் வைக்கும். மற்றது எழுத்துகளை வைத்துவிட்டுப் பூஜ்யத்தையும் தானே சேர்த்துவிடும். இரண்டாவதையே எங்கும் பயன்படுத்திவிட்டால் கவலையில்லை. ஆனால் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் அண்ணன் முதல் கட்டளையைத்தான் போடுவாராம்.

"அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. எல்லாம் பூஜ்யம்தான். எதுக்கு இன்னொண்ணு? ஒரு பொட்டி மிச்சம்."

அண்ணி தோசையிலிருந்து தலையைத் தூக்கினார். "மிச்சம் புடிச்ச பொட்டிய என்ன பண்ணப்போறீங்க, வாடகைக்கு விடப்போறீங்களா?"

அண்ணன் சிரித்தார். பழைய சில்லுகளில் நாலு எழுத்துக்கு இடமில்லாமல் திண்டாடிய நாட்களில் ஏற்பட்ட பழக்கம் அது. பிறகு இடம் தாராளமாகக் கிடைத்தபோதும் விடவில்லை. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் அவர்.

நோய் முதலில் நாக்கில் வந்தது. சில எழுத்துகள் குழைந்தன. ஞாயிறு பூசைக்குப் பிறகு யாரோ, "என்ன பெர்னார்ட், காலையிலேயே ஊத்திட்டியா?" என்று கேலி செய்தார்கள். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். சில மாதங்களில் மருத்துவர் மோட்டார் நியூரான் நோய் என்றார். நரம்பு ஒவ்வொன்றாகக் கைவிடும், அறிவு மட்டும் அப்படியே இருக்கும் என்று விளக்கினார். அண்ணன் தலையசைத்தார், சர்க்கரை போடவா என்று கேட்டதைப் போல.

பேச்சு போனபின் கைத்தொலைபேசியில் தட்டினார். கை போனபின், கண்ணசைவைப் பின்தொடரும் கணினிப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். சர்க்கரை நோயால் அவர் கண் முன்பே கெட்டிருந்தது; லேசர் சிகிச்சை எல்லாம் செய்தாகியிருந்தது. அந்தப் பலகையால் அவர் பார்வையைப் பிடிக்க முடியவில்லை. அவர் ‘த’வைப் பார்த்தால் அது ‘ப’வைக் காட்டியது. இரண்டு வாரம் முயன்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

இதெல்லாம் வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கை ஓரளவு அசைந்த காலத்திலேயே, கிச்சனர் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ரிஸ்வானிடம் போய் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். ரிஸ்வான் அவரோடு அதே நிறுவனத்தில் வேலை பார்த்தவர், கடையநல்லூர்க் குடும்பம், பிறந்தது இங்கேதான். விலகித் தனியாகப் பழுது பார்க்கும் தொழில் செய்கிறார்.

பெட்டி சோப்பு டப்பா அளவு. முகப்பில் இரண்டு வரி காட்டும் சிறு திரை. அதிலிருந்து ஒரு கம்பி கட்டிலின் கால்மாட்டுக்குப் போகும். அதன் நுனியில், அண்ணனின் இடது கால் கட்டைவிரலுக்கு அடியில், ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் முதல் வாக்கியம். இன்னொருமுறை அழுத்தினால் அடுத்தது. அழுத்தாமல் சற்று விட்டால் டிங் என்று மணியடித்து, வந்த வாக்கியம் திரையில் நிற்கும். மொத்தம் பன்னிரண்டு வாக்கியங்கள். திரைக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பதால் எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

முதல் வாக்கியம் ‘நல்லா இருக்கேன்’. தோ பாயோவில் அண்ணன் வீட்டுக்கு வருகிற எல்லோரும் முதலில் கேட்பது அதுதானே என்று வைத்திருந்தார். பிறகு தண்ணி, ஃபேன், திருப்பிப் படுக்க வை, சளி எடு, பிரிஜட்டைக் கூப்பிடு. எட்டாவதோ ஒன்பதாவதோ ‘ஜெபம் போதும்’. பங்குக் கோயிலிலிருந்து வந்தவர்கள் முழு ஜெபமாலையும் சொல்லி முடித்து இன்னொரு பாட்டைத் தொடங்கியபோது, டிங் என்று அது வந்து நின்றது. பாட்டைத் தொடங்கிய அம்மாள் திரையைப் படித்துவிட்டு, "சரி லா பெர்னார்ட், கோவிச்சுக்காத, போறோம்" என்று எழுந்தார். அண்ணி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணனின் கண்ணும் சிரித்தது. அது நல்ல நாள்.

கடைசி வாக்கியம், பன்னிரண்டாவது, ‘ரொம்ப வலிக்குது’.

அதைப் பற்றி ஒரு பேச்சும் நடந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவத் தாதி சந்திரமதி, ஜொகூர்க்காரர், வலிமருந்தை எப்படி ஏற்றுவது என்று ஆரம்பத்திலேயே விளக்கினார். அளவு கூடக் கூடத் தூக்கம் கூடும், ஒரு கட்டத்துக்கு மேல் விழிப்பது கடினம் என்றும் சொன்னார். அப்போது அண்ணனால் ஒரு விரலால் தட்ட முடிந்தது. ‘நான் சொல்வேன். நான் சொல்லாமல் தூங்க வைக்காதே’ என்று அண்ணிக்குத் தட்டிக் காட்டினார். அண்ணி அவர் நெற்றியில் கைவைத்து, "சரிங்க" என்றார். அண்ணி ஒன்றைச் சரி என்றால் சரிதான்.

கடைசி வாரம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. மருத்துவமனை வேண்டாம் என்று முன்பே முடிவாகியிருந்தது. கண் பெரும்பாலும் மூடியே இருந்தது. இமைக்கச் சொன்னால் இமைத்துக்கொண்டே இருந்தார். கேள்விக்கு இமைக்கிறாரா, சும்மா இமைக்கிறாரா என்று தெரியவில்லை. கட்டைவிரலில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. அதுவும் ஒருமுறை அழுத்திவிட்டால் ஓய்ந்துவிடும்.

ஒருமுறை அழுத்தினால் என்ன வரும்? ‘நல்லா இருக்கேன்.’

முகம் சுருங்கும். தொண்டையிலிருந்து ஒரு முனகல். நான் குனிந்து, "அண்ணே, வலிக்குதா? வலிச்சா அழுத்துங்க" என்பேன். விரல் அசையும். டிங். ‘நல்லா இருக்கேன்.’

"பாத்தியா, நல்லா இருக்கேங்கிறாரு" என்பார் அண்ணி.

"அண்ணி, வலிச்சா அழுத்துங்கன்னு நான் கேட்டேன். அதுக்குத்தான் அழுத்தினாரு."

"அவரு என்னைக்காவது நல்லா இல்லாம நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்காரா?"

சொல்லியிருக்கிறார். வாழ்நாள் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அதை அண்ணியிடம் எப்படிச் சொல்வது? அந்த முகம் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

சந்திரமதி வந்து பார்த்தார். "எனக்கு வலி இருக்கிற மாதிரித்தான் தெரியுது, அக்கா. கொஞ்சம் ஏத்தலாம்."

"அவரு சொல்லட்டும்மா."

"அவரால பன்னெண்டு தடவ அழுத்த முடியாதே, அக்கா."

அண்ணி ஈரத்துணியால் அண்ணனின் உதட்டைத் துடைத்தார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. கடைசி வாக்கியத்தை முதலில் கொண்டுவந்துவிட்டால்? ஒரே அழுத்தில் வந்துவிடுமே. ரிஸ்வானை அழைத்தேன். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேராக வந்தார். மறுநாள் மதியம் மனைவியோடு உம்ரா யாத்திரைக்குப் புறப்படுகிறார், இருந்தும் வந்தார்.

"சின்ன வேலதான், அக்கா" என்றார் அண்ணியிடம். "அண்ணன் எழுதினது எங்கிட்ட அப்படியே இருக்கு. கடைசி வரியத் தூக்கி மேல வைக்கிறேன். மத்தது எதையும் தொடமாட்டேன்."

அண்ணி அண்ணனின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "செய்ப்பா" என்றார்.

பெட்டியைத் திறந்து சில்லை மட்டும் கழற்றிக்கொண்டு போனார் ரிஸ்வான். பட்டறையில் வரியை இடம் மாற்றி, சில்லில் ஏற்றி, மேசைமேல் இருந்த சோதனைத் திரையில் போட்டுப் பார்த்தார். முதல் அழுத்தில் ‘ரொம்ப வலிக்குது’ என்று கச்சிதமாக வந்ததாம். ஒரே வரி காட்டும் பழைய திரை அது. ஆங்கில எழுத்தில் அந்த வாக்கியம் இடைவெளியோடு பதினாறு எழுத்து. திரையிலும் பதினாறு எழுத்துக்குத்தான் இடம்.

சனிக்கிழமை காலை வந்து சில்லைப் பொருத்தினார். பயணப்பெட்டிகளோடு கீழே டாக்சி காத்திருந்தது. அண்ணனின் காதருகே குனிந்தார்.

"பெர்னார்ட் அண்ணே, ரிஸ்வான் பேசறேன். வலி இப்ப மொதல்ல இருக்கு. ஒரே அழுத்து. வலிச்சா அழுத்துங்க, இல்லாட்டி சும்மா இருங்க. புரிஞ்சுச்சா?"

விரல் லேசாக அசைந்தது. பொத்தான் அழுந்தும் அளவுக்கு இல்லை.

"புரிஞ்சுச்சு" என்றார் ரிஸ்வான். "துவா செய்றேன், அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்கு மேல் அண்ணன் முனகினார். விரல் அழுந்தியது. டிங். நானும் அண்ணியும் ஒரே சமயத்தில் திரையைப் பார்த்தோம்.

மேல் வரியில் ‘ரொம்ப வலிக்குது’. கீழ் வரியில் ‘நல்லா இருக்கேன்’.

நான் மேல் வரியைப் படித்தேன். அண்ணி கீழ் வரியைப் படித்தார்.

"இது என்னடி செரினா?"

எனக்குத் தெரிந்திருந்தது. தேக்காவில் அவர் சொன்ன லெட்டர் பாக்ஸ் நினைவுக்கு வந்தது. கடைசியாக இருந்தபோது அந்த வரிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அதனால் அண்ணன் அதற்குப் பூஜ்யம் வைக்கவில்லை. இப்போது அதற்கு அடுத்த மெமரிப் பெட்டியில் ‘நல்லா இருக்கேன்’ இருந்தது. மெஷின் நிற்காமல் பக்கத்து வீட்டு லெட்டரையும் படித்துவிட்டது. இதை அண்ணிக்கு எனக்குத் தெரிந்தவரை சொன்னேன்.

"அப்ப மேல உள்ளதுதான் அவரு சொன்னதா?"

"ஆமா, அண்ணி."

"கீழ உள்ளத யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தானா வந்து ஒட்டிக்கிச்சு."

அண்ணி இல்லையென்று தலையாட்டினார். "அவருக்கு ஒரு அழுத்துன்னா நல்லா இருக்கேன். ஆறு மாசமா அதுதான் பழக்கம். ரிஸ்வான் காதுல சொன்னது அவருக்குக் கேட்டுச்சா? நமக்குத் தெரியாதே. பழைய நெனப்புல நல்லா இருக்கேன்னு சொல்லத்தான் அழுத்தினாரோ என்னவோ. அதுதான் கீழ வருதோ என்னவோ."

அப்படி இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வரி ஏன் அங்கே வந்தது என்பது எனக்குத் தெரியும். அண்ணன் எதை நினைத்து அழுத்தினார் என்பது தெரியாது. பெட்டி இப்போது எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் ஒன்றாகக் காட்டிக்கொண்டிருந்தது.

ரிஸ்வானை அழைத்தேன். தொலைபேசி அணைந்திருந்தது. விமானம் கிளம்பியிருக்கும். வேறு யாருக்கும் அந்தச் சில்லைத் தொடத் தெரியாது. அண்ணனின் பழைய நிறுவனத்துக்கு அழைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. தெரிந்தவர் ஒருவரின் மகன் கணினி படிப்பதாகச் சொன்னார்கள். அவன் பணிவாகக் கேட்டுவிட்டு, "சாரி ஆன்ட்டி, அசெம்ப்ளி எல்லாம் நாங்க ஒரே ஒரு செமெஸ்டர்தான்" என்றான்.

அன்று முழுவதும், மறுநாள் காலையிலும், அண்ணன் பலமுறை அழுத்தினார். ஒவ்வொரு தடவையும் டிங். ஒவ்வொரு தடவையும் இரண்டு வரிகள். பெட்டி அவருக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து இருந்ததால், கீழே இன்னொரு வரி வருவது அவருக்குத் தெரியாது. சொல்லிவிட்டோம் என்று நினைத்திருப்பார். இவர்கள் ஏன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறார்கள் என்றும் நினைத்திருப்பார். அல்லது நல்லா இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு மதியம் ஜித்தாவிலிருந்து ரிஸ்வான் அழைத்தார். நான் ஒலியைப் பெரிதாக்கி வைத்தேன். விவரத்தைச் சொன்னேன்.

"யா அல்லாஹ். ஒத்த பூஜ்யம், அக்கா. கடைசி வரிக்கு அண்ணன் வைக்கமாட்டாருன்னு எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிய வரிசை மாத்துறப்ப தோணவே இல்ல. என் ஸ்க்ரீன்ல சரியா இருந்துச்சு."

"அத விடுப்பா" என்றார் அண்ணி. "நீ காதுல சொன்னது அவருக்குப் புரிஞ்சுச்சா? அத மட்டும் சொல்லு."

"கால் அசைஞ்சுச்சு, அக்கா."

"அது சும்மாவும் அசையும்."

ரிஸ்வான் அழுதுவிட்டார். அண்ணி தொலைபேசியை வாங்கி, "நீ போய் நல்லபடியா முடிச்சிட்டு வா" என்று சொல்லி வைத்தார்.

சாயங்காலம் சந்திரமதி வந்தார். அண்ணனின் நாடியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அண்ணி சரி என்று சொல்லவில்லை. மருந்துப் புட்டியை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

சந்திரமதி ஏற்றிய மருந்து உள்ளே இறங்கிச் சிறிது நேரத்தில் அண்ணனின் நெற்றி தளர்ந்தது. புருவத்துக்கு நடுவில் இருந்த கோடு மெல்ல மறைந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கே இருந்தது என்பதே மறைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணி வாசலில் நின்று அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அதன்பின் பெட்டி மணியடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணன் போய்விட்டார். மண்டாய் தகனச்சாலையில் எல்லாம் முடிந்தது.

ரிஸ்வான் திரும்பியதும், பேரீச்சம்பழமும் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்து தோ பாயோ வீட்டில் உட்கார்ந்தார். போகும்போது சில்லைக் கழற்றிக்கொண்டு போய், பூஜ்யத்தை வைத்து, அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்தார். அதைச் செய்யச்சொல்லி யாரும் கேட்கவில்லை. அவரால் அப்படியே விட்டுவைக்க முடியவில்லை.

அண்ணி பொத்தானைக் கையாலேயே அழுத்தினார். டிங். மேலே ‘ரொம்ப வலிக்குது’. கீழ் வரி வெறுமையாக இருந்தது.

"கீழ ஒண்ணும் இல்லியே" என்றார்.

"இப்பத்தான் சரியா இருக்கு, அக்கா."

"பழைய மாதிரியே வச்சிடுப்பா. அவரு வச்ச மாதிரியே."

ரிஸ்வான் என்னைப் பார்த்தார். மறுபடி எடுத்துக்கொண்டு போய், அண்ணன் எழுதியதை அப்படியே ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டி இப்போது வரவேற்பறையில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செங்காங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து போகிறேன். பூசைக்குக் கிளம்பும்முன் அண்ணி ஒருமுறை அழுத்துகிறார். ‘நல்லா இருக்கேன்’ என்று வருகிறது. விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுகிறோம்.

அழுத்திக்கொண்டே போனால் மற்றதும் வரும், பன்னிரண்டாவதாக. அவ்வளவு தூரம் நாங்கள் இருவரும் இதுவரை போகவில்லை.